மானுக்கு முன் மண்ணுக்கு

களத்துக்கு ஒரு மணிகூட வந்து சேராது என்று தெரிந்தே பயிர் வைப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். மிசௌரி, அலபாமா, ஜார்ஜியா, விஸ்கான்சின் எனப் பல மாநிலங்களில், மரங்களுக்கு நடுவே அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ திருத்தி, குளோவரும் டர்னிப்பும் ரை தானியமும் விதைக்கிறார்கள். விளைந்ததை மான் மேயும், காட்டு வான்கோழி கொத்தும், காடை வந்து ஒதுங்கும். அங்கே இதற்கு ‘ஃபுட் பிளாட்’ என்று பெயர். நாம் தீவனத் திட்டு என்று வைத்துக்கொள்வோம்.

இதற்குப் பின்னால் ஒரு மீட்சியின் கதை இருக்கிறது. 1900 வாக்கில், கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கிவிட்டன. பிறகு வேட்டைக்குப் பருவமும் வரம்பும் வந்தன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கும் சட்டம் 1937-இல் நிறைவேறியது. இன்று அந்த மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி. நாட்டின் கிழக்குப் பாதியில் பெரும்பாலான நிலம் தனியாருடையது என்பதால், மானின் வாழ்வு நில உடைமையாளர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். மானை வரவழைக்கவும் அதன் உடல்நிலையைத் தேற்றவும் தீவனத் திட்டுப் போடுபவர்களும் அவர்களே.

இந்தத் திட்டுகளில் பல ஒரே மாதிரிதான் கெடுகின்றன. முதல் ஆண்டு பச்சைப் பசேலென்று வரும். இரண்டாம் ஆண்டு சுமார். மூன்றாம் ஆண்டு களை ஏறி, பயிர் மஞ்சளித்து, மான் எட்டிப் பார்ப்பதும் குறைந்துவிடும். உடனே கடைக்குப் போய், பெரிய கொம்பு மானின் படம் போட்ட இன்னும் விலை கூடிய விதைப் பையை வாங்கி வருவார்கள். கோளாறு விதையில் இல்லை. எந்தப் பயிருக்குப் பின் எந்தப் பயிர் என்ற வரிசையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு பயிர் மண்ணில் எதை விட்டுப்போகிறது, எதை எடுத்துப்போகிறது என்று கணக்கிட்டு அடுத்த பயிரைத் தேர்ந்தெடுத்தால், மலிவான விதையே ஆண்டுக்கணக்கில் தீவனம் தரும்.

வயிற்றின் நாள்காட்டி

மான் அசைபோடும் விலங்குதான் என்றாலும் மாட்டைப்போல் வைக்கோல் தின்று காலம் தள்ளாது. இளந்தளிர், மென்மையான இலை, மொட்டு, பழம், ஓக் மரத்தின் கொட்டை என்று பொறுக்கித் தின்னும். அதன் தேவையும் பருவத்துக்குப் பருவம் மாறும். வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை ஆண்மானுக்குப் புதுக்கொம்பு வளர்கிறது. பெண்மான் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இரண்டுக்கும் புரதம் நிறைய வேண்டும். தீவனத்தில் 16 விழுக்காடு அளவுக்கு இருந்தால் நல்லது. குளிர் நெருங்கும்போது தேவை மாவுச்சத்தின் பக்கமும் கொழுப்பின் பக்கமும் திரும்பும். பனிக்காலத்தைத் தாங்கும் கொழுப்பை உடலில் ஏற்றிக்கொள்ளும் நேரம் அது.

காட்டில் உணவு இளைக்கும் காலங்கள் இரண்டு. ஒன்று, கோடையின் கடைசி: இலைகள் முற்றி, நார் ஏறி, செரிமானத்துக்குக் கடினமாகிவிடும். மற்றொன்று, குளிர்காலத்தின் கடைசி: ஓக் கொட்டைகள் தீர்ந்திருக்கும், புதுத்தளிர் இன்னும் வந்திருக்காது. தீவனத் திட்டு உண்மையில் பயன்படுவது இந்த இரண்டு இடைவெளிகளில்தான். ஆகவே பயிர்ச்சுழற்சியைத் திட்டமிடுபவர் இரண்டு நாள்காட்டிகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும்: மானின் வயிற்றுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று.

சுண்ணாம்பு முதலில்

அமெரிக்காவின் தென்கிழக்கில் பல இடங்களில் மண் சிவப்புக் களி. வெப்பமும் மழையும் காலங்காலமாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட, எஞ்சியது அமிலத்தன்மை. காட்டைத் திருத்திய இடங்களில் பிஎச் மதிப்பு 5-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். குளோவருக்கோ 6 முதல் 7 வரை வேண்டும். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 5-க்கும் 6-க்கும் இடையிலான தூரம் பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரிது.

பிஎச் 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் அடைந்துகிடக்கும் அலுமினியம் கரைந்து வெளிவருகிறது. அது வேர்நுனியை வளரவிடாது. மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாவுக்கு வேண்டிய மாலிப்டினமும் எட்டாமல் போகிறது. இந்த நிலையில் மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் பெரும்பகுதி வீண். சுண்ணாம்புக்கல் தூள்தான் முதல் மருந்து. ஏக்கருக்கு ஓரிரு டன் தேவைப்படலாம். அது மண்ணோடு வினைபுரியப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால், விதைப்புக்கு அரை ஆண்டு முன்பே போட்டுவிட வேண்டும்.

எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை சொல்லும். திட்டின் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, 15 சென்டிமீட்டர் வரை மண் எடுத்து, வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பிடியை மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். செலவு விதைப் பையின் விலையில் ஒரு சிறு பங்குதான். தீவனத் திட்டுக்காரர் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது வேறொன்று இல்லை.

குளோவர் சேர்ப்பதும் டர்னிப் செலவழிப்பதும்

சுழற்சியின் அச்சாணி வெள்ளைக் குளோவர். மான் விரும்பித் தின்னும், புரதம் 20 விழுக்காட்டைத் தாண்டும், ஒருமுறை விதைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு நிற்கும். விதை மிகப் பொடி. ஒரு கிலோவில் ஏறத்தாழ 17 லட்சம் விதைகள் இருக்கும். ஆழப் புதைத்தால் முளைக்காது. பிப்ரவரியில், இரவில் உறைந்து பகலில் இளகும் மண்ணில் சின்னச் சின்ன வெடிப்புகள் விழும்போது, வெறுமனே தூவிவிட்டால் போதும். விதை வெடிப்புக்குள் தானே இறங்கிக்கொள்ளும்.

ஆனால் குளோவருக்குத் துணை வேண்டும். அதன் வேரில் குடியேறும் ரைசோபியம் பாக்டீரியா வேறு, சோயாவுக்கு உரியது வேறு. முன்பு குளோவர் வளராத நிலம் என்றால் சரியான பாக்டீரியாவை விதையில் பூசித்தான் விதைக்க வேண்டும். ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் விதைநேர்த்தி செய்யும் நம் உழவர்களுக்கு இது பழகிய வேலை. பயன் கிடைத்ததா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை மெல்ல அலசினால், குண்டூசித் தலையளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், இந்தப் புரதம் ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைத்துக் காவல் காக்கிறது.

நன்றாக வளர்ந்த குளோவர் ஆண்டுக்கு ஏக்கருக்கு 30 முதல் 70 கிலோ வரை நைட்ரஜனை நிலைநிறுத்தும். இலையும் வேரும் மட்கும்போது அதில் ஒரு பங்கு மண்ணில் சேரும். மூன்றாம், நான்காம் ஆண்டில் இந்தச் செழிப்பே குளோவருக்குப் பகையாகிறது. மண்ணில் நைட்ரஜன் பெருகியதும் அதைத் தின்று கொழுக்கும் புல்லும் அகன்ற இலைக் களைகளும் ஏறிக்கொள்கின்றன. தண்டையும் வேர்க்கழுத்தையும் அழுகவைக்கும் பூஞ்சையும் இடம் பிடிக்கிறது. பலர் இந்தக் கட்டத்தில் அதே திட்டில் மறுபடியும் குளோவரைத் தூவிவிட்டு ஏமாறுகிறார்கள்.

இப்போது வர வேண்டியது, சேர்ந்திருக்கும் நைட்ரஜனைச் செலவழிக்கும் பயிர். டர்னிப், ரேப், முள்ளங்கி என்ற கடுகுக் குடும்பம் இந்த வேலைக்கென்றே பிறந்தது. கோடை முடிவில் குளோவரை மடக்கி இவற்றை விதைத்தால், வாங்கிப் போட வேண்டிய யூரியாவில் பெரும்பகுதி மிச்சமாகும். குளோவரை அழித்துவிட்டுத் தரையை வெறுமனே விடுவது மட்டும் கூடாது. வெளிவரும் நைட்ரேட்டைப் பிடிக்க வேர் இல்லாவிட்டால், மழை அதை ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் கொண்டுபோய்விடும்.

உறைபனி விழத் தொடங்கியதும் இந்தச் செடிகள் குளிரைத் தாங்குவதற்காக இலையில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. அக்டோபரில் ஒதுக்கிய இலையை மான் டிசம்பரில் மேய்வது பல இடங்களில் கண்கூடு. நீண்ட வெள்ளை முள்ளங்கி இறுகிய மண்ணில் கையளவு ஆழத்துக்குத் துளையிடும். குளிரில் அது அழுகிப்போக, அந்தத் துளை வழியே நீரும் அடுத்த பயிரின் வேரும் கீழே இறங்கும்.

இவற்றையும் எல்லை தாண்டி நம்பக் கூடாது. ஒரே திட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் வேர்முண்டு நோய் குடியேறும். வேர் வீங்கி உருக்குலைந்து செடி வாடும். அந்த நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தவிர, பெரும்பாலான பயிர்களின் வேரோடு கூட்டு வைத்து மணிச்சத்தை எடுத்துத் தரும் வேர்ப் பூஞ்சைகள் கடுகுக் குடும்பத்தோடு சேர்வதில்லை. தொடர்ந்து அதையே பயிரிட்டால் அந்தப் பூஞ்சைகளும் மெலிந்துபோகும்.

ரையின் இரட்டை வேலை

ஆகவே டர்னிப் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பரில் அதன் இடைவெளிகளில் ரை தானியத்தைத் தூவுகிறார்கள். அமில மண், மணல், குளிர் எதற்கும் ரை அசையாது. டர்னிப் இலை தீர்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சின் பசிக்காலத்தில் தரையில் பச்சை என்று இருப்பது இதுதான். மானுக்கு அது ஒரு வேலை. மண்ணுக்கு வேறு வேலை: மிஞ்சிய நைட்ரேட்டை வேரில் பிடித்துவைப்பது, குளிர்கால மழையில் மண் கரையாமல் காப்பது.

மே மாதத்தில் ரை பூவெடுத்ததும் அதை உருளையால் நசுக்கித் தரையோடு படுக்கவைக்கிறார்கள். அந்தப் பருவத்தில் நசுங்கிய தண்டு மீண்டும் எழாது, அப்படியே மூடாக்காகிவிடும். ரை வேர்களும் தண்டுகளும் வெளியிடும் சில வேதிப்பொருள்கள் சிறு விதைக் களைகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன. மூடாக்கின் கீழே மண் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும்.

இங்கே கார்பன்–நைட்ரஜன் கணக்கைக் கவனிக்க வேண்டும். மண்ணின் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற உணவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 24 பங்கு கார்பன் இருக்கும். முற்றிய ரைத் தாளில் கார்பன் 80 பங்கு வரை போகும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறை நைட்ரஜனை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்வதால், அதன்மேல் உடனே டர்னிப்பைப் போட்டால் பயிர் மஞ்சளிக்கும். தன் நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும் பயறுவகைகளைப் போட்டால் அந்தச் சிக்கல் வராது. எனவே ரை மூடாக்கின் ஊடே கோடைக்குச் சோயா, தட்டைப்பயறு, சணப்பு. பயறுவகைத் தழைகளின் விகிதம் மிகக் குறைவு. பூக்கும் முன் வீழ்த்திய வெட்ச் கொடியில் 11 அளவுதான். அவை விரைவில் மட்கி நைட்ரஜனை விட்டுவிடும், ஆனால் தரையை நெடுநாள் மூடிவைக்காது. ரை நின்று காக்கும், பயறு ஊட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதன் பொருள் இதுவே.

இந்தக் கோடைப் பயிர்களில் இரண்டு நமக்கு நெருங்கியவை. சணப்பின் தாயகம் இந்தியா. தமிழ்நாட்டில் நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறோம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அதே செடி இரண்டு மாதத்தில் ஆள் உயரம் வளர்ந்து, தழையும் நைட்ரஜனும் தந்து, வேர்முடிச்சு நூற்புழுக்களையும் குறைக்கிறது. இளம் இலையை மான் கொறிக்கிறது. மற்றொன்று, அவரையும் மொச்சையும் சேர்ந்த இனமான லாப்லாப். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார், மேய்ந்தாலும் மறுபடி தழைக்கும் ‘ரியோ வெர்டே’ என்ற ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். கோடையின் கடைசியில், காட்டு இலைகள் முற்றிய வேளையில், வறட்சியைத் தாங்கிப் புரதம் தருவது இந்தக் கொடி.

ஓர் ஏக்கருக்கு ஒரு திட்டம்

மிசௌரியில் ஓர் ஏக்கர் திட்டு இருப்பதாகக் கொள்வோம். அதை இரண்டு அரை ஏக்கராகப் பிரிக்க வேண்டும்; எந்த மாதத்திலும் ஒரு பாதியிலாவது தீவனம் நிற்க வேண்டும் என்பதே காரணம். முதல் பாதியில் கோடை முடிவில் குளோவரும், அதற்குத் துணையாகக் கொஞ்சம் ஓட்ஸும். மூன்று ஆண்டு அது குளோவருக்கே.

இரண்டாம் பாதியில் முதல் ஆண்டு ஆகஸ்டில் டர்னிப்பும் முள்ளங்கியும், செப்டம்பரில் அவற்றின் ஊடே ரையும். அடுத்த மே மாதம் ரையை நசுக்கித் தட்டைப்பயறும் சணப்பும். அந்த இலையுதிர் காலத்தில் மறுபடி ரை, மூன்றாம் ஆண்டுக் கோடையில் சோயாவோ லாப்லாப்போ. மூன்றாம் ஆண்டுக் கோடை முடிவில் இந்தப் பாதிக்குக் குளோவர் வரும். அது வேரூன்றியதும், நான்காம் ஆண்டில் முதல் பாதியின் கிழட்டுக் குளோவரை மடக்கி டர்னிப் வைக்கலாம். இரண்டு பாதியும் இடம் மாறிக்கொண்டன. எந்த ஆண்டிலும் தரை வெறுமையாகக் கிடக்கவில்லை. எந்தக் குடும்பமும் ஒரே இடத்தில் தன் நோயை வளர்க்கும் அளவுக்குத் தங்கவில்லை.

மண் ஏற்கெனவே சொன்ன பாடம்

இது வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1896 முதல் ஒரு சோதனை வயல் நடந்துவருகிறது. ‘ஓல்ட் ரொட்டேஷன்’ என்று பெயர். மொத்தமே ஓர் ஏக்கர், 13 பாத்திகள். பருத்தியை மட்டுமே போட்ட பாத்தி எப்படி இளைக்கிறது, குளிர்காலத்தில் குளோவரும் வெட்ச்சும் சேர்ந்த பாத்தி எப்படி நிற்கிறது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது காட்டிவருகிறது. குளிர்காலப் பயறுவகைகள் தந்த நைட்ரஜனாலேயே, உரமிட்ட பாத்திகளுக்கு இணையான விளைச்சல் கிடைத்திருக்கிறது. அதே 1896-இல் அதே மாநிலத்தின் டஸ்கீகிக்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தியால் வற்றிய மண்ணில் தட்டைப்பயறும் நிலக்கடலையும் வையுங்கள் என்று ஏழைக் கறுப்பின உழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1930-களில் பெருஞ்சமவெளியின் மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்த பிறகு, 1935-இல் மண் பாதுகாப்புக்கென்று ஒரு மத்தியத் துறையே அமைந்தது. அதன் வழிவந்த இன்றைய அமைப்பு சொல்லும் நெறிகள் நான்கு: மண்ணைக் கிளறுவதைக் குறை, மூடிவை, உயிருள்ள வேர் எப்போதும் இருக்கட்டும், பயிரைப் பலவாக்கு.

இந்த நெறிகளின் பலனைக் கண்ணாடிக் குவளையிலேயே பார்க்கலாம். ஆண்டுதோறும் உழுத நிலத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, பல ஆண்டு உழாமல் பயிர் மூடி நின்ற இடத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி. இரண்டையும் கம்பிவலையில் வைத்து நீரில் தொங்கவிட வேண்டும். முதல் கட்டியின் விளிம்பிலிருந்து சீக்கிரமே புகைபோல மண் கிளம்பும்; சில நிமிடங்களில் சரிந்து அடியில் சேறாகிவிடும். இரண்டாவது கட்டியிலிருந்து காற்றுக்குமிழ்கள் வரும், நீர் தெளிவாகவே இருக்கும், கட்டி முழுசாக நிற்கும். வேர்களும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்களின் பசையும் அதைக் கட்டிப்பிடித்திருக்கின்றன. மழை பெய்யும்போது முதல் நிலத்தில் மேற்பரப்பு அடைத்துக்கொண்டு நீர் ஓடிவிடும். இரண்டாம் நிலத்தில் உள்ளே இறங்கும். கோடையின் கடைசி வறட்சியில் லாப்லாப் நிற்பதும் கருகுவதும் பெரிதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

சுழற்சியால் ஆகாதவை

பயிர்ச்சுழற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிலம் தாங்கும் அளவைவிட மான் அதிகமாக இருந்தால் பயனில்லை. அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விதைத்த அன்றே திட்டின் நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நிறுத்துவது. சில வாரம் கழித்துக் கூண்டுக்குள் முழங்கால் உயரச் சோயா, வெளியே மொட்டைத் தண்டு என்றால், மேய்ச்சல் பயிரை மிஞ்சிவிட்டது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி நோஞ்சான் என்றால், குறை மண்ணில். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் செலவு செய்பவர்கள் மிகப் பலர்.

நோயையும் நினைவில் கொள்ள வேண்டும். 1967-இல் கொலராடோவில் முதன்முதலில் அறியப்பட்ட மான் நலிவு நோய் இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான பிறழ்ந்த புரதம் எச்சிலிலும் சாணத்திலும் வெளியேறி, களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வீரியம் குன்றாமல் கிடக்கும். ஒரே இடத்தில் மக்காச்சோளத்தைக் குவித்து மான்களை முகத்தோடு முகம் உரசவைப்பதைவிட, பரந்த பயிரில் பிரிந்து மேயவிடுவது மேல். ஆனாலும் நோய் உள்ள பகுதிகளில் மாநில வனவிலங்குத் துறையின் விதிகளே கடைசி வார்த்தை.

களை என்று வெட்டித் தள்ளுவதிலும் தீவனம் இருக்கிறது. ராக்வீட் போன்ற உள்ளூர்ச் செடிகளில் விதைத்த பயிருக்கு ஈடான புரதம் உண்டு. அவற்றின் விதை காடைக்கு உணவு, அடர்த்தி குஞ்சுகளுக்கு ஒளிவிடம். சுழற்சியின் ஓரத்தில் ஒரு பட்டையை உழாமல், விதைக்காமல் விட்டுவைப்பதும் திட்டமிடுதலில் சேரும்.

நம் நாட்டில் இந்த முறையை அப்படியே கொண்டுவர இயலாது. வேட்டை 1972-இன் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருக்கிறது. யானையும் காட்டுப்பன்றியும் வயலுக்குள் வரும் இடங்களில் காட்டோரம் தீவனம் விதைப்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வரிசை. பரிசோதனை, சுண்ணாம்பு, பயிர்களின் முறை, அதற்குப் பிறகே விதை. மானுக்கு உணவளிக்கும் வேலையில் பெரும்பங்கைக் காடே பார்த்துக்கொள்கிறது. திட்டு அதில் ஒரு சிறு துண்டு. ஓக் கொட்டை அமோகமாகக் காய்க்கும் ஆண்டில் மான் அந்தப் பக்கமே வராமல் போகலாம். அந்த ஆண்டிலும் குளோவர் நைட்ரஜனைச் சேர்த்திருக்கும், ரை மண்ணைப் பிடித்துவைத்திருக்கும், நீர் உள்ளே இறங்கியிருக்கும். அடுத்த ஆண்டுப் பயிர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. மானை மட்டும் எண்ணி விதைத்தவருக்கு அந்த ஆண்டு நட்டம். மண்ணை எண்ணி விதைத்தவருக்கு அது வரவு.